கிராணி தட்டிய பதினோரு வரிகள்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை பாரோய்ச் சந்தையில் ஒரு பெண்மணி எனக்கு ஆறு பருப்பு வடைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டை என் மகள் அங்கேயே தின்றாள். மீதி நான்கும் செவ்வாய்க்கிழமையான இன்றும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கின்றன. தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. பொட்டலத்துக்கு அடியில் மடித்த தாள் ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த வாரத்தோடு நான் மலேசியாவுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வேலை பாஸ் மறுபடியும் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. விருதுநகரிலிருந்து தொலைபேசியில் பேசும் சொந்தக்காரர்கள், "அங்க அப்படி என்னதான் வேலை பாக்குற?" என்று கேட்கும்போதெல்லாம், "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். இந்த முறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வடைக்கும் என் வேலைக்கும் தொடர்பு இருக்கிறது.

2

காலை ஆறு மணிக்குக் கணவர் சிரம்பான் ரயில் நிலையத்துக்குக் கிளம்பிவிடுவார். அவருக்குக் கோலாலம்பூரில் வேலை. ஆறே முக்காலுக்கு மகள் இலக்கியாவைப் பாலர் பள்ளியில் விடுவேன். வாரத்தில் இரண்டு நாள் சிரம்பானில் உள்ள தலைமை அலுவலகம். மூன்று நாள் லாபு பக்கம் இருக்கும் தோட்டத்து அலுவலகம். ஒரு காலத்தில் ரப்பர். இப்போது பாதையின் இரண்டு பக்கமும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. நடுவில் ஒரு தடுப்புக் கம்பம், ஒரு கார்டு மெஷின், நேபாளத்திலிருந்து வந்த ஒரு காவலாளி. கார்டைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து கம்பம் மேலே போகும்.

அந்தப் பச்சை விளக்குதான் என் வேலை.

தோட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தலைமை அலுவலக டேட்டாபேஸில் ஓர் அக்கவுண்ட் உண்டு. அதன் நிலை மூன்றில் ஒன்று: நடப்பு, நிறுத்தம், நீக்கம். ஆனால் கேட்டிலும் தோட்டத்து மருந்தகத்திலும் இருக்கும் மெஷின்கள் பழையவை. அவற்றுக்கு டேட்டாபேஸோடு பேசத் தெரியாது. தோட்டத்து அலுவலகக் கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் பொதுவான ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் உள்ள ஒரு ஃபைலைத்தான் அவை படிக்கும். ஆளுக்கு ஒரு வரி: எண், பெயர், நிலை. வரி இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு.

நான் வருவதற்கு முன் அந்த ஃபைலைக் கையால் தட்டி வைத்திருந்தவர் மாணிக்கம். தோட்டத்துக் கிராணி. நம் ஊரில் குமாஸ்தா என்போம். ஓய்வுக்கு இன்னும் சில மாதங்களே இருந்த மனிதர். முதல் நாள் நான் "ஐயா" என்றதும் சிரித்தார்.

"ஐயாலாம் ஊர்லயே வச்சிட்டு வா லா. இங்க அங்கிள்னு கூப்புடு. பசியாறியாச்சா?"

எனக்குப் பசிக்கவில்லை என்றேன். மறுபடியும் சிரித்தார். காலைப் பலகாரம் ஆயிற்றா என்று கேட்கிறார் என்பதும், அந்த 'லா' இங்கத்துப் பேச்சில் ஒரு வெறும் ஒட்டு என்பதும் இரண்டாவது வாரம்தான் புரிந்தன. இப்போது என் மகள் தொலைபேசியில் என் அப்பாவிடம், "தாத்தா, பசியாறிட்டீங்களா? எங்க வீடு சடக்கு ஓரமா இருக்கு" என்கிறாள். அப்பா என்னிடம், "சடக்குன்னா என்ன தாயி?" என்று கேட்கிறார். ரோடு என்கிறேன். "பின்ன ரோடுன்னே சொல்ல வேண்டியதுதான" என்கிறார்.

டேட்டாபேஸில் ஒரு நிலை மாறினால் ஃபைலிலும் அது தானாக மாற வேண்டும். கிராணி தட்டத் தேவையில்லை. என்னை வேலைக்கு எடுத்தது இதற்காகத்தான். நான் ஜாவாவில் ஒரு சிறிய புரோகிராம் எழுதினேன். அது செய்வது இவ்வளவுதான்:

அக்கவுண்ட் அட்டவணையைப் படிக்கும்.
நடப்பில் உள்ளவர்களை மட்டும் ஒரு தற்காலிக ஃபைலில் எழுதும்.
எழுதி முடித்த பிறகே அதைப் பழைய ஃபைலின் இடத்தில் வைக்கும். பாதி எழுதிய ஃபைலை எந்த மெஷினும் படித்துவிடக் கூடாது.
பதினைந்து நிமிடம் தூங்கும். மறுபடி முதலிலிருந்து.

பழைய ஃபைலில் என்ன இருந்தது என்று அது பார்க்காது. பார்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தது நான். பழையதோடு புதியதைச் சேர்த்து எழுதும் வழியும் இருந்தது. ஆனால் அப்படிச் செய்தால், நீக்கப்பட்டவர் ஃபைலை விட்டுப் போகவே மாட்டார். அதனால் மொத்தமாக மாற்றி எழுதுவதே சுத்தம். என் துறையில் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். டேட்டாபேஸில் இருக்கும் அத்தனை பேரும் ஃபைலில் இருக்கிறார்களா என்று ஒருமுறைக்கு மூன்று முறை சரிபார்த்தேன். ஃபைலில் இருக்கும் அத்தனை பேரும் டேட்டாபேஸில் இருக்கிறார்களா என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அப்படி யாரும் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

3

இந்தச் சுத்தம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பா தாலுகா அலுவலகத்தில் ரேஷன் கார்டுப் பிரிவில் இருந்தார். புதிய பெயர் சேர்ப்பு, இறந்தவர் நீக்கம், இடம் மாறியவர் நீக்கம். என் கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. அடுத்த திங்கட்கிழமை எங்கள் வீட்டுக் கார்டிலிருந்து என் பெயரை நீக்கும் மனுவை அப்பாவே எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கி, அவரே அதை ஏற்று முத்திரை குத்தினார். அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்: "மருதாணிகூட அழியல. அதுக்குள்ள அவ பேர எடுக்கணுமா?"

அப்பா நிமிரவில்லை. "ஒரு ஆளு ரெண்டு எடத்துல இருக்கக் கூடாது. அங்க சேக்கணும்னா இங்க எடுக்கணும்."

நீக்கல் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார். கணவர் வீட்டுக் கார்டில் என்னைச் சேர்க்க நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் நான் எந்தக் கார்டிலும் இல்லை. சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லாததால் அது எனக்கு வேடிக்கையாகவே இருந்தது. எந்தக் கார்டிலும் இல்லாமல் ஐம்பது வருடம் ஒருவர் இருக்க முடியும் என்பது அன்று என் கற்பனைக்கு எட்டவில்லை.

4

லெட்சுமி அக்கா தோட்டத்து நாற்றங்காலில் வேலை செய்தவர். செம்பனைக் கன்றுகளுக்குப் பையில் மண் நிரப்புவது, களை எடுப்பது. சம்பளம் கான்ட்ராக்டர் கையால் வரும். மதியம் எங்கள் அலுவலகத்தைக் கூட்டிவிட்டு, லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தன் வீட்டுக்குப் போவார். தனி ஆள். வீட்டு எண் பதினான்கு. வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடி, பக்கத்தில் பழைய டயரில் வைத்த கற்பூரவல்லி.

பள்ளி விடுமுறையில் இலக்கியாவை அலுவலகத்துக்குக் கூட்டிப்போவேன். அவளுக்குத் தலை பின்னிவிடுவது லெட்சுமி அக்காதான். "ஒங்கம்மா பின்னுன சடையா இது? எலி கடிச்ச கயிறு மாரி இருக்கு" என்பார். என் மகள் இன்றைக்குப் பேசும் தமிழில் பாதி அவர் வாயிலிருந்து வந்தது.

அவருடைய கேட் கார்டை ஒருநாள் பார்த்தேன். அதில் இருந்த முகம் ஓர் ஆணுடையது. தேய்ந்துபோயிருந்தாலும் மீசை தெளிவாகத் தெரிந்தது.

"அது ராமையா. லாரி ஓட்டுனாரு, செத்துப் போயிட்டாரு" என்றார் அக்கா. "கிராணி அவரு கார்ட எனக்குக் குடுத்தாரு. மீச எனக்கு நல்லா இருக்கா?"

"உங்க பேர்ல புதுசா ஒரு கார்டு கேக்க வேண்டியதுதானே அக்கா?"

"ஐ.சி இல்லாம எப்பிடிக் கேக்க?" என்றார். ஐ.சி என்றால் இந்த நாட்டு அடையாள அட்டை. "ஐ.சிக்குப் பொறப்புப் பத்திரம் வேணும். நான் பொறந்த தோட்டத்தையே வித்துட்டாங்க. என்னப் பெத்த எடத்துல இப்ப பெட்ரோல் ஸ்டேசன் இருக்கு. அங்க போயி, அண்ணே, ஒரு லிட்டரு பெட்ரோலு, ஒரு பொறப்புப் பத்திரம்னு கேக்கவா?"

இருவரும் சிரித்தோம். கேள்விப்பட்ட எதையும் குறித்து வைக்கும் பழக்கம் உள்ள நான், அதை மட்டும் ஏனோ எங்கும் குறித்து வைக்கவில்லை. அந்தத் தோட்டத்துக்கு நான் செய்த ஒரே நன்மை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

5

புரோகிராம் ஓடத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு. ஏழே காலுக்கு நான் கேட்டை அடைந்தேன். கம்பத்துக்கு வெளியே லெட்சுமி அக்கா ரொட்டிப் பொட்டலத்தோடு நின்றிருந்தார், சுற்றி நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தபடி. வெளியே போகக் கார்டு தேவையில்லை. உள்ளே வரத்தான் தேவை. கடைக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். காவலாளிக்கு அவரை மூன்று வருடமாகத் தெரியும். தீபாவளிக்கு அவர் வீட்டில் முறுக்கு தின்றவன். ஆனாலும் விளக்கைக் காட்டி மலாயில், "மேரா, காக்" என்றான். சிவப்பு, அக்கா.

"தங்கச்சி!" என்று என் காரைப் பார்த்துக் கையாட்டினார். "ஒன் மெசினுக்கு என் மீசையப் புடிக்கல போலருக்கு லா."

என் கார்டுக்குப் பச்சை எரிந்தது. கதவைத் திறந்து அவரை ஏற்றிக்கொண்டேன்.

"பாத்தியா" என்றார், பெல்ட்டை இழுத்தபடி. "நீ முந்தாநேத்து பிளேன்ல வந்த, ஒனக்குப் பச்ச. நான் இந்த மண்ணுலயே பொறந்தவ, எனக்குச் செவப்பு."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். மெஷின் பழுது என்று நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் சொன்னேன்: "புதுசுல்ல அக்கா. சரியாயிரும்."

6

அலுவலகத்தில் மாணிக்கம் அங்கிள் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். ஃபைல் திறந்திருந்தது. எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பதினோரு வரிகள். வரிசையாகவும் அல்ல, முன்னூறு பெயர்களுக்கு நடுவே இங்கே ஒன்று, கீழே ஒன்று என்று தூவினார். சேமித்தார். ஏழரைக்கு என் புரோகிராம் விழித்தது. பதினொன்றும் போயின.

"அங்கிள், அது நிக்காது."

"ஏன் நிக்காது? சேவ் பண்ணேனே."

"கால் மணிக்கு ஒரு தடவை முழுசா புதுசா எழுதும். டேட்டாபேஸ்ல இல்லாத பேர் போயிரும்."

"போனா மறுபடியும் போடுறேன். எனக்கு வேற என்னா வேலை?"

நகைச்சுவை என்று நினைத்தேன். அவர் மறுபடியும் தட்டினார். தட்டி முடிக்க நான்கு நிமிடம். ஏழே முக்காலுக்கு அழிந்தது. மறுபடியும் தட்டினார். ஒன்பது மணிக்கெல்லாம் விஷயம் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நாற்றங்கால் மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், வாசலில் நின்று மணி பார்த்துக் கத்தினார்: "இப்ப பச்ச! மருந்துக்குப் போறவங்க இப்பவே ஓடுங்க! இன்னும் பத்து நிமிசந்தான்!" சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு பெரியவர் மருந்தகத்துக்குக் கைலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வரிசை நீளம். அவர் முறை வந்தபோது சிவப்பு. அடுத்த பச்சைக்கு மரத்தடியில் உட்கார்ந்தார். பெண்கள் சிரித்தார்கள்: "தாத்தா, ஒங்களுக்கு ரேசுல தோல்வி!"

பத்து மணிக்கு நான் அங்கிளுக்கு ஒரு யோசனை சொன்னேன். பதினொன்றையும் தனியாக ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் தட்டாமல் எடுத்து ஒட்டிவிடலாம்.

"தனியா எழுதி வைக்க மாட்டேன்" என்றார்.

"ஏன் அங்கிள்? நாலு நிமிஷம் மிச்சமாகும்."

"மாட்டேன்னு சொன்னேன்ல." பிறகு குரலைத் தணித்து, "இந்தத் தோட்டத்துக்கு மட்டும் ஒன் மெசின நிப்பாட்ட முடியுமா? கொஞ்ச நாளைக்கு. நான் வேற வழி பாக்குறேன்."

ஒரு வரி. ஒரே ஒரு வரியை மாற்றினால் லாபுத் தோட்டத்தை மட்டும் புரோகிராம் தாண்டிப் போயிருக்கும். தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்றேன். அது உண்மையல்ல. நிறுத்தும் உரிமை என்னிடமே இருந்தது. நிறுத்தினால் முதல் நாளே நிறுத்தியவள் என்று பதிவேட்டில் என் பெயர் விழும். அவ்வளவுதான்.

அவர் திரும்பித் தட்டத் தொடங்கினார். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கீபோர்டு பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். இடது கையால் தட்டியதில் ஒரு பெயர் பிழையாகி, அந்த ஆள் கேட்டுக்கு வெளியே ஒரு சுற்று நின்றார். என் திரையில் ஃபைல் மாறிய நேரங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. அவர், நான், அவர், நான். நான் என்றால் என் புரோகிராம். நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

7

மூன்று மணிக்கு எனக்குப் பொறுக்கவில்லை. இரக்கத்தால் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் ஒரு ஃபைலை இரண்டு பேர் மாறி மாறி எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதுதான் பெரிய காரணம்.

பழைய ஃபைலின் நகல் என்னிடம் இருந்தது. அதை டேட்டாபேஸோடு ஒப்பிட்டேன். இந்த முறை மறுபக்கத்திலிருந்து. முன்னூறு பெயர்களுக்குள் அவர் தூவி மறைத்திருந்த பதினொன்றும் ஒரு நொடியில் தனியே வந்து நின்றன. அழகாக அட்டவணை போட்டேன். எண், பெயர், பிரிவு, வீட்டு எண், டேட்டாபேஸில் இல்லாததற்கான காரணம். பிரிவையும் வீட்டு எண்ணையும் மருந்தகப் பதிவேட்டிலிருந்து எடுத்தேன். கடைசிக் கட்டத்தில் பதினோரு இடத்திலும் "அடையாள ஆவணம் இல்லை" என்று எழுதினேன். வீட்டு எண்படி வரிசைப்படுத்தினேன். "இவர்களை டேட்டாபேஸில் சேர்க்க ஒரு தனி வகை உருவாக்கலாம்" என்ற பரிந்துரையோடு தலைமை அலுவலக மேலாளருக்கு அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ஒரே வரி: மிகவும் உதவியாக இருக்கிறது, நன்றி.

சந்தோஷமாக எழுந்து போனேன். "அங்கிள், நீங்க இனிமே தட்ட வேணாம். லிஸ்ட் போட்டு அனுப்பிட்டேன்."

அவர் விரல்கள் நின்றன.

"எத்தன பேருன்னு போட்ட?"

"பதினொண்ணு."

"வீட்டு நம்பரு?"

"போட்டிருக்கேன்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பதினாறு வருசம்மா. மேனேஜரு நாலு பேரு மாறிட்டாங்க. ஒருத்தனும் கேட்டதில்ல. ஏன் கேக்கல? கேக்குறதுக்கு ஒரு காயிதம் இல்ல. என் தலையில மட்டுந்தான் இருந்துச்சு. நீ ஒரு நாள்ல காயிதம் போட்டுட்ட."

"நல்லதுக்குத்தான் அங்கிள், அவங்கள முறையா சேர்க்கச் சொல்லி..."

"நல்லாதான் போட்டிருப்ப. படிச்ச பொண்ணு. கோடெல்லாம் அடிச்சிருப்ப."

கம்ப்யூட்டரை அணைத்தார். மூன்றரைக்கு என் புரோகிராம் விழித்து எழுதியது. அதன் பிறகு அந்த ஃபைலை வேறு யாரும் தொடவில்லை.

8

பத்தாம் நாள் அறிவிப்பு வந்தது. பதிவில் இல்லாதவர்கள் இரண்டு வாரத்தில் தோட்டத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும். கீழே வீட்டு எண்கள். நான் வைத்த அதே வரிசை. என் அட்டவணையில் ஒரு கட்டத்தின் கோடு சற்றுத் தடிப்பாக விழுந்திருந்தது. அறிவிப்பிலும் அது தடிப்பாகவே இருந்தது. நகல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

அதே நாள் சிரம்பான் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். எல்லாத் தோட்டங்களிலும் டேட்டாபேஸும் ஃபைலும் ஒன்றாகிவிட்டன. "ரொம்பச் சுத்தமான வேலை" என்று மேலாளர் ஆங்கிலத்தில் சொன்னார். என்னைப் படம் எடுத்து வரவேற்பறைச் சுவரில் மாட்டினார்கள். என் பாஸ் புதுப்பிப்புக்கான பரிந்துரைக் கடிதம் அந்த வாரம் அவர் மேசையில்தான் இருந்தது.

மறுநாள் காலை பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் கூட்டத்தில், லெட்சுமி அக்கா கிராணியின் முன்னால் போய் நின்றார். அந்தப் பதினோரு பேரையும் முழுதாகத் தெரிந்தவர் தோட்டத்திலேயே ஒருவர்தான். அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

"என்னா அங்கிள், ரிட்டயர் ஆவறதுக்கு முன்ன நல்ல பேரு வாங்கணுமா?"

மாணிக்கம் அங்கிள் கையிலிருந்த பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே போயிருப்பேன் லா. ராமையா கார்டக் குடுத்து, பதினாறு வருசம் சோறு போட்டு வளத்து, இப்ப அறுக்குறியா? கோழிய வளக்குறவன்கூட தீபாவளிக்குத்தான் அறுப்பான்."

யாரோ சிரித்தார்கள். இன்னொரு பெண் மண்ணை அள்ளி அவர் காலடியில் தூற்றினாள். "ஒன் குடும்பம் இப்பிடியே தெருவுல நிக்கணும்."

அவர் ஒரே ஒரு முறை என் பக்கம் பார்த்தார். நான் வாசற்படியில் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தேன். வாயைத் திறக்க எனக்கு முழுதாக ஒரு நிமிடம் இருந்தது. திறக்கவில்லை.

லெட்சுமி அக்கா அழுதுகொண்டே என்னிடம் வந்தார். "தங்கச்சி, நீ கம்ப்யூட்டர்ல இருக்கவதான. இந்த ஆளு எப்ப அனுப்புனாரு, யாருக்கு அனுப்புனாருன்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது அக்கா" என்றேன்.

மதியம் அங்கிள் என் மேசைக்கு வந்தார். "சொல்லிடாத" என்றார். "சொன்னா அவளுக்கு வீடு வரப்போறதில்ல. ஒனக்குப் பாஸ் இருக்கு, புள்ள இருக்கு. எனக்கு எப்பிடியும் போற காலந்தான்."

நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. ஒன் மூஞ்சிக்கு எதிர உக்காந்து இனிமே ஒரு தேத்தண்ணி குடிக்க மாட்டேன்."

குடிக்கவில்லை. ஓய்வு பெறும் வரை தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் லாரி நிற்கும் இடத்தில் நின்று குடித்தார். கடைசி நாள் ஐந்து மணிக்கு அவருடைய அக்கவுண்ட் நிலை டேட்டாபேஸில் மாறியது. ஐந்தே காலுக்கு ஃபைலில் அவர் இல்லை. ஐந்தரைக்கு, மறந்துவிட்ட குடையை எடுக்கக் கேட்டுக்குத் திரும்பி வந்தார். "மேரா, அங்கிள்" என்றான் காவலாளி. அவர் சத்தமாகச் சிரித்ததாக மறுநாள் அவனே சொன்னான். அந்தக் குடை இன்னும் அலுவலக மூலையில் இருக்கிறது.

9

லெட்சுமி அக்காவைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் மறுபடி பார்த்தேன். பாரோய்ச் சந்தையில் வேறொருவரின் கடையில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். அந்தக் கடைக்காரர் வீட்டுப் பின்கட்டில் படுத்துக்கொள்கிறாராம். அறையில் இன்னும் மூன்று பேர்.

இலக்கியாதான் முதலில் பார்த்து ஓடினாள். அவள் தலையைத் திருப்பிச் சடையைப் பார்த்தார். "இன்னும் அதே எலி கடிச்ச கயிறுதான்."

வடையைப் பொட்டலம் கட்டினார். நான் காசை நீட்டியதும் கையைத் தட்டிவிட்டார்.

"சும்மா இரு லா. அன்னிக்கு கேட்டுல அத்தன பேரும் பாத்துட்டு நின்னாங்க. நீ ஒருத்திதான் கார்ல ஏத்தி உள்ள கூட்டிட்டுப் போன. மறப்பேனா?"

இலக்கியாவிடம், "நன்றி சொல்லு" என்றேன். அவள் மலாயில் "தெரிமா காசே, அத்தை" என்றாள். லெட்சுமி அக்கா எண்ணெய்க் கரண்டியை ஆட்டிச் சிரித்தார். "இவ இந்த ஊருக்காரி ஆயிட்டா. இவளுக்கு ஐ.சி குடுத்துருவாங்க." பிறகு, "அந்தக் கெழவன் எப்பிடி இருக்கான்?" என்று கேட்டார்.

"ரிட்டயர் ஆயிட்டாரு அக்கா."

"செத்தா சொல்லி அனுப்பு. வர மாட்டேன். ஆனா எனக்குத் தெரியணும்."

"சரி அக்கா" என்றேன்.

வாடிக்கையாளர் இல்லாத நேரம் பார்த்துக் கிட்டே வந்தார். ஐ.சி இல்லாதவர்களுக்கு உதவும் வக்கீல் ஒருவர் கிடைத்திருக்கிறாராம். பதினோரு பேரின் விவரத்தையும் ஒரே தாளில் எழுதிக் கேட்டிருக்கிறாராம். பெயர், முன்பு குடியிருந்த வீட்டு எண், எத்தனை வருடம் இருந்தார்கள். "எங்கள்ல யாருக்கு லா எழுத வருது? நீதான் நல்லா லிஸ்டு போடுவியாமே. மண்டோரு சொல்லியிருக்காரு. நான் சொல்லச் சொல்ல எழுதிக் குடு."

கடைக்காரரிடம் தாள் வாங்கிக் கொடுத்தார். பெட்டி மேல் வைத்து, முதலில் மூன்று கோடுகள் இழுத்தேன். கை தானாக இழுத்தது.

"மொதல்ல பெருமாள் போடு. வீட்டு நம்பரு மூணு."

எழுதினேன்.

"அடுத்தது அஞ்சல. நம்பரு ஏழு."

எழுதினேன். எண்ணெய் பொங்கியது. அவர் திரும்பி வடைகளைப் புரட்டிப் போட்டு, அரித்து எடுத்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மூணாவது யாரு... ஆங், நம்ம சின்னத்தாயி."

அவர் பார்வை தாளில் விழுந்தது. படிக்கத் தெரியாதவர் அல்ல. தமிழ்ப் பள்ளியில் மூன்று வருடம் படித்தவர். தாளில் சின்னத்தாயி, எண் எட்டு. அதற்குக் கீழே கோவிந்தன், எண் பதினொன்று. அதற்கும் கீழே லெட்சுமி, எண் பதினான்கு. மூன்று பெயரையும் வீட்டு எண்படி நான் ஏற்கெனவே எழுதியிருந்தேன். அவர் வடை புரட்டிய நேரத்தில் என் கை நிற்காமல் போயிருந்தது.

அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. தன் பெயரில் வந்து நின்றது. விரலில் இருந்த எண்ணெய் தாளில் ஊறியது.

"நான் இன்னும் சொல்லவே இல்லியே" என்றார்.

நான் பேனாவை மூடினேன். இலக்கியா இரண்டாவது வடையைத் தின்றுகொண்டிருந்தாள். லெட்சுமி அக்கா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் எதுவும் வரவில்லை. ஏதோ ஒரு கணக்கை மனதுக்குள் முதலிலிருந்து போட்டுப் பார்ப்பவர் மாதிரி உதடுகள் மட்டும் அசைந்தன. பெரட்டில் மண் தூற்றிய காலைவரை அவர் போய்வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

தாளை மடித்துப் பொட்டலத்துக்கு அடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். பிறகு என் தோளுக்கு மேலாக, எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "அடுத்த ஆளு, ஒங்களுக்கு எத்தன?" என்று கேட்டார்.